பல் வைத்தியரின் இரட்டைக் குழல்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் பல் வைத்தியருக்கு வேட்டைப் பைத்தியம். வாயைப் பிளந்து கிடக்கும் நோயாளியால் மறுத்துப் பேச முடியாது என்ற துணிச்சலில், துவக்குகளைப் பற்றியே பிரசங்கம் செய்வார். இரண்டு குழலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் அது துவக்காம். ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் வைத்த துவக்கைத் தொடுபவன் அவருக்கு மனிதனே இல்லை.

"அது தண்ணிப் பைப், தம்பி. வயலிலை நடக்கிறவனுக்குப் பாரமில்லாத, வடிவான சாமான் வேணும்."

ஒரு சனிக்கிழமை என்னையும் லண்டனுக்கு வெளியே ஒரு பண்ணைக்கு அழைத்துப்போனார். முழங்காலோடு நிற்கும் கம்பளிக் காற்சட்டை, பிரபு வீட்டில் பிறந்தவர் போன்ற நடை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரின் மேல்கீழ்க் குழலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அந்த வெள்ளைக்காரர் சுட்டதெல்லாம் விழுந்தது. இவர் சுட்டதில் விழுந்தது ஒரே ஒரு ஃபெசன்ட் பறவை. அதுவும் சாகவில்லை. எங்கள் காலடியில் செட்டையடித்துத் துடித்தது.

"கழுத்தைத் திருகிவிடுங்கோ, டொக்டர்" என்றேன்.

"எனக்கு ஏலாது. நீர் செய்யும்."

நான் திருகினேன். நிமிர்ந்தபோது, அவர் முதுகைக் காட்டி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அதை நீரே கொண்டுபோம். நான் சைவமெல்லோ."

அன்று மாலை அந்தப் பறவையைக் கறியாக்கிச் சாப்பிட்டேன். அந்த மனிதர் எதற்காகச் சுடுகிறார் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.