டீ மாஸ்டர் போட்ட புட்டிப்பால்

எம்.ரெட்டியபட்டி விலக்கு ரோட்டில் என் வீட்டுக்காரர் போடும் டீக்குப் பஸ் டிரைவர்கள்கூட வண்டியை நிறுத்துவார்கள். எனக்குப் பால் வற்றிவிட்டதால், பகலில் மகளுக்குப் புட்டிப்பால் கலக்குவதும் அதே கைதான். நான் திருச்சுழிக்குத் தையல் வேலைக்குப் போவேன். வீட்டு முன்னால்தான் கடை என்பதால் பிள்ளை அவர் பொறுப்பு.

ஆனால் பிள்ளை தேறவில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு. அடுத்த தடவையும் எடை ஏறாவிட்டால் பெட்டில் சேர்க்க வேண்டியதுதான் என்று அருப்புக்கோட்டை டாக்டரம்மா சொல்லிவிட்டார். தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறாம், பல் முளைக்கிறதாம், நான் வேலைக்குப் போகிறேனாம். கடைசிக் காரணத்தைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளை அழுதது. மனிதர் புட்டியை எடுத்து, டீ கிளாஸ் அலசுகிற வாளியில் ஒரு முக்கு முக்கினார். நிப்பிளைத் தோள் துண்டால் துடைத்தார். பால் பவுடரைக் கண்ணளவாகப் போட்டு, வெந்நீரைத் தாராளமாக விட்டு, இரண்டு கிளாஸில் தூக்கி ஆற்றினார். நுரை பிரமாதம். சத்துதான் இல்லை.

கத்திவிட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கெட்டியா குடுத்தா மந்தம் தட்டிரும்ல? என் கையில டீ குடிச்சு எவனுக்கு என்ன ஆச்சு?"

"டீக்கு வாரவுக வீட்டுல போயி சோறு திம்பாக. இவளுக்கு இது ஒண்ணுதான் சோறு."

அன்றே சட்டம் போட்டேன். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புட்டியையும் நிப்பிளையும் பிரஷ்ஷால் தேய்த்து, தனிக் குண்டாவில் கொதிக்கவிட வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அடுப்பு எரிகிற கடையில் இதற்கென்ன கேடு? கொதித்த தண்ணீர் டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு, டப்பாவுக்குள் கிடக்கும் கரண்டியால் தலைதட்டிப் பவுடர். பிள்ளை மிச்சம் வைத்தால் கொட்டிவிட வேண்டும். முனகிக்கொண்டே செய்தார், ஆனால் செய்தார்.

அடுத்த தடவை எடைத் தட்டில் பிள்ளை கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். டாக்டரம்மா சிரித்தார். சேர்க்க வேண்டாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, பால் கலக்குவது தான்தான் என்றார். ஜெயித்தது நான், பெருமையடித்தது அவர். இருக்கட்டும், எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் காலை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒருவர் டீக்கு அவசரப்படுத்தினார். இவர் பிள்ளையின் புட்டிக்குப் பவுடரைத் தலைதட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"இருங்கண்ணே. மொதல்ல இவுக குடிக்கட்டும்."