நிபுணர் பட்டியலில் மூன்றாவது பெயர்

வரவேற்புக்குக் கொடுத்த பூங்கொத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, மேஜை முழுக்க வரைபடத் தாளை விரிக்கிறார். கொடுத்த கல்லூரி முதல்வரின் முகம் சுருங்குகிறது. அதை அவர் கவனிப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து ஆறு வண்ணப் பென்சில்களை எடுத்து வரிசையாக வைத்து, "உங்க டைம் டேபிள குடுங்க. எங்களுக்காகத் தயார் பண்ணது வேணாம். இன்னைக்கு ஓடுறத குடுங்க" என்கிறார்.

தாளில் மேலிருந்து கீழாக வகுப்பறைகள், இடமிருந்து வலமாக நேரம். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு கோடு. ரயில் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வண்டிகளின் ஓட்டத்தை இப்படித்தான் வரைந்துகொண்டிருந்தார். அங்கே நிலையங்கள் இருந்த இடத்தில் இங்கே வகுப்பறைகள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டு கோடுகள் சந்தித்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "மோதிடுச்சு" என்பார். ஒரு கல்லூரியில் செவ்வாய்க்கிழமைதோறும் பத்து மணிக்கு மூன்று துறைகள் ஒரே அறையில் மோதிக்கொண்டன. இதுவரை யாரும் புகார் செய்ததில்லையே என்றார் அந்த முதல்வர். "வகுப்புக்கு ஆள் வந்தாத்தானே சார் புகார் வரும்" என்றார் இவர்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் குழுவில் அவர் மூன்றாவது உறுப்பினர். நான் குழுவின் செயலர். குறிப்பெடுப்பதும் கார் ஏற்பாடு செய்வதும் என் வேலை. பதினோரு வருடங்களாகப் புதுப் பெயின்ட் வாசனையை முகர்ந்து எனக்குச் சலித்துவிட்டது. நாங்கள் வருகிறோம் என்றால்தான் கல்லூரிகளுக்குச் சுண்ணாம்பு நினைவே வரும். அவரவர் பிழைத்த தொழில்தான் அவரவர் கண் என்பதை மட்டும் இந்த வேலையில் நன்றாகக் கற்றுக்கொண்டேன். தலைவர் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். ஆய்வகத்துக்குள் போனதும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். ஆறு மாதமாக யாரும் சோதனை செய்யாத ஆய்வகத்தை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். இரண்டாமவர் சட்டப் பேராசிரியர். அவர் தாளைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். கல்வித் துறைக்கு வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியால் வந்தவர்தான் நம்மவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'கன்ட்ரோல்'.

சுமார், ஏறக்குறைய, கொஞ்ச நேரத்தில் என்ற சொற்கள் அவர் வாயில் வராது. பதினொன்று பதினேழுக்குக் கார் வரும் என்றால் பதினொன்று பதினாறுக்கு வாசலில் நிற்பார். "பால் பொங்குறதுல கூட அரை நிமிஷம் லேட்டுன்னு சொல்ற மனுஷன். இவரோட நான் எப்படிக் குடித்தனம் பண்ணேன்னு எனக்கே தெரியல" என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பில் பெருமையும் கலந்திருந்தது. ஓர் ஆசிரியரிடம் பேசி முடித்துத் திருப்தியாகிவிட்டால் நோட்டுப் புத்தகத்தை மூடி, வண்டிக்கு வழிவிடுவது போல "லைன் கிளியர்" என்பார். அதைக் கேட்ட ஆசிரியர்கள் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் மாதிரி எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வோர் அறிக்கையிலும் 'நிபுணர்களின் பின்புலம்' என்று ஒரு பக்கம் உண்டு. தலைவருக்கு அதில் பதினான்கு வரி. இவருக்கு மூன்று. அந்த மூன்று வரியிலும் பொய் கிடையாது. பொய் இருந்தது பெயருக்கு முன்னால். எங்கள் பட்டியலில் இருக்கும் மற்ற அத்தனை பேரும் முனைவர்கள் என்பதால், யார் பெயரை ஏற்றினாலும் கணினி தானாகவே 'முனைவர்' என்று முன்னால் ஒட்டிவிடும். இவரோ பட்டப்படிப்பையே முடிக்காதவர். இரண்டாம் ஆண்டில் அப்பா இறந்துபோக, வீட்டுக்கு மூத்தவர் என்று ரயில்வேயில் சேர்ந்தார்.

முதல் ஆண்டே திருத்தக் கோரிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் என் மேஜைக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கோப்பில் வைத்தேன். அதற்குள் அவர் மனைவி அந்தப் பட்டியலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து 'படிப்ப முடிக்காத மாப்பிள்ள' என்று கிண்டல் செய்துகொண்டிருந்த மைத்துனர் வந்து அதைப் படித்துவிட்டு, காபி குடிக்காமலே போனாராம். அதன் பிறகு இவர் கடிதம் எழுதவில்லை. ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

போன மாதம் ஒரு கல்லூரிக்குப் போனோம். மேற்படிப்பு நடத்த வேண்டுமானால் கணிதத் துறையில் ஆறு முனைவர்கள் இருக்க வேண்டும். ஆறு பெயர் காட்டியிருந்தார்கள். இவர் கோடு போட்டார். ஒரு பச்சைக் கோடு மட்டும் திங்கள் காலை கிளம்பி வெள்ளி மாலை வரை எங்கும் நிற்கவில்லை. வாரத்துக்கு முப்பது மணி நேரம். "மூத்தவங்க எல்லாம் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம். இந்த ஒரு வண்டி மட்டும் தண்ணி பிடிக்கக்கூட நிக்கலையே. ஓட்டுறவங்கள பார்க்கணும்" என்றார்.

வந்தவர் முப்பத்தைந்து வயதுப் பெண். விரல்களில் சாக்பீஸ் தூள். வேலைப் பளுவைப் பற்றிக் கேட்கத்தான் இவர் கூப்பிட்டிருந்தார். அந்த அம்மா உட்கார்ந்ததும் வேறொன்றைச் சொன்னார்.

"சார், ஒன்னு சொல்லிடறேன். என் பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டிருக்காங்க. நான் முனைவர் இல்ல. ஆய்வேடு பாதியில நிக்குது. இவ்வளவு வகுப்பு எடுத்துட்டு எப்ப சார் எழுதறது? ஆபீஸ்ல ரெண்டு தடவ சொன்னேன். அதான் எப்படியும் முடிக்கப் போறீங்களேன்னு சிரிச்சாங்க. மூணாவது தடவ சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு. வேல போயிட்டா பிள்ளைங்க படிப்பு நின்னுடும்."

இவர் பச்சைப் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த அம்மாவே தொடர்ந்தார். "நீங்கல்லாம் கஷ்டப்பட்டுப் படிச்சுப் பட்டம் வாங்கினவங்க. உங்களுக்கு என்மேல கோவம்தான் வரும்."

"போயிட்டு வாங்கம்மா" என்றார். லைன் கிளியர் சொல்லவில்லை.

தாழ்வாரத்துக் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து என்னிடம், "அந்தப் பொண்ணு ரெண்டு தடவ சொல்லியிருக்கு. நான் ஒரு தடவதான் சொன்னேன்" என்றார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அவர் சொன்ன அந்த ஒரு தடவையையும் காதில் வாங்காமல் விட்டவன் நான்தானே.

தலைவரிடம் இரண்டையும் சொன்னார். கல்லூரிக் கணக்கில் ஒரு முனைவர் குறைகிறார். நம் கணக்கிலும் ஒருவர் குறைகிறார் என்றார். தலைவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல் விஷயத்த அறிக்கையில போடுவோம். உங்க விஷயம் குமாஸ்தா பண்ண தப்பு, அத ஏன் இப்ப கிளறிக்கிட்டு? தப்பான பட்டத்தோட இருந்தது தெரிஞ்சா விதிப்படி உங்கள நீக்கணும். இந்தக் குழுவுக்கு நீங்க வேணும்யா" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. இந்த மனிதருக்கும் வேலை வேண்டும். ஓய்வு பெற்ற முதல் ஆண்டு, சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற பேருந்துகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தாராம். அவர் மனைவிதான் சொன்னார்.

"அத எழுதினா அந்தப் பொண்ண பலி குடுப்பாங்க சார். எழுதலைன்னா நான் போட்ட கோடே பொய்" என்றார் இவர்.

மறுநாள் மாலை நிறைவுக் கூட்டம். கல்லூரி முழுவதும் வந்து உட்காரும். தலைவர் மட்டும் கண்டறிந்தவற்றை வாசிப்பார். மற்ற உறுப்பினர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது வழக்கம். கணிதத் துறையில் ஒருவரின் தகுதி தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று வாசித்தார். முதல்வர் உடனே எழுந்தார். முகத்தில் அதிர்ச்சியைத் தயாராக வைத்திருந்தார்.

"அந்தம்மா எங்க எல்லாரையும் ஏமாத்திட்டாங்க சார். முனைவர்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க, நாங்க நம்பிட்டோம். இன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிடறோம்."

கடைசி வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எப்போது எழுந்து போனார்கள் என்று தெரியவில்லை. இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. அவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

நம்மவர் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். என் பேனாவைக் கொடுத்தேன். தன் முன்னால் இருந்த பெயர் அட்டையை எடுத்து, முதல் சொல்லை இரண்டு தடவை அழுத்தி அடித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். தலைவர் சட்டை முனையைப் பிடித்து இழுத்ததைப் பொருட்படுத்தாமல் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய், கடைசி வரிசையில் அந்த அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.