பயோடேட்டாவில் இருந்தது அண்ணன்

சாக்கு அக்கா என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில். பெரியம்மா மகனுடைய மருமகளுக்கு உள்ளே வலி எடுத்திருந்தது. வெளியே பெஞ்சு கொள்ளாமல் உறவுக்கூட்டம். சாக்கு அக்கா வந்தாச்சா, அவங்க வந்தாத்தான் எனக்குத் தைரியம் என்று பிள்ளைத்தாய்ச்சி கேட்டனுப்பிக்கொண்டே இருந்தாள். யாரடி அது, மூட்டை தூக்குகிறவளா என்று ஒருத்தி கேட்டு வைக்க, அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறுத்துப் படியேறி வந்தாள். ஒல்லியான உடம்பு, சிமெண்டுத் தண்ணீர் அரித்து வெளுத்துப்போன கைகள். பிள்ளைத்தாய்ச்சியின் தாய்க்கு அவள் ஒன்றுவிட்ட தங்கை. முறைப்படி சித்தி என்று கூப்பிட வேண்டும். வேலையிடம் முழுக்க அக்கா என்று கூப்பிட்டதில் முறையெல்லாம் அடிபட்டுப் போயிற்று.

கட்டட வேலையில் புதிதாகப் போட்ட கான்கிரீட்டின்மேல் ஈரச்சாக்கு விரித்து, அது காயாமல் நாளெல்லாம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் வெடித்துவிடும். அந்த நனைப்பு வேலைதான் அவளுக்கு. கைப்பிடிச் சுவர் எழுப்பாத மொட்டைத் தளத்தின் ஓரத்தில் நின்று, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடுவாள். பயம் என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்டவளும் பயந்துபோன கதை இது.

அவள் கணவர் டைல்ஸ்காரர். தரைக்கல் பதிப்பதில் கெட்டிக்காரர். உயரம் மட்டும் ஆகாது. கல்யாணத்துக்கு முந்தி, எடுபிடியாக இருந்த காலத்தில், கட்டடத்துக்கு வெளியே கட்டிய சாரத்தின் பலகையில் நடுவழியில் உறைந்துபோய் நின்றிருக்கிறார். இரண்டு பேர் ஏறி, விரல் விரலாகப் பிரித்துத்தான் இறக்கினார்களாம். அதற்குப் பிறகு மாடியில் வேலை என்றால் உள்படி வழியாகச் சுவரோடு ஒட்டி ஏறுவார், ஜன்னல் பக்கம் தலை திருப்ப மாட்டார். வீட்டில் பல்பு போனால் ஸ்டூலில் ஏறி மாட்டுவது அவள்தான். அவர் ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கு வழக்கமாக வேலை கொடுத்து வந்த கான்ட்ராக்டர் படுத்த படுக்கையானார். வேலை நின்றது. முதலில் தெருமுனை வரை போய் வந்தார், பிறகு அதுவும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால், பசங்க சாப்பிடட்டும் என்பார். பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், பயோடேட்டா கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

அந்தத் தெருவில் பயோடேட்டா என்றால் ஒன்றே ஒன்றுதான். சாக்கு அக்காவின் அண்ணனுடையது. அவர் சாரம் கட்டுகிறவர், உயரமான கட்டடங்களாகவே பார்த்து வேலை செய்தவர். எந்தப் புண்ணியவானோ அவருக்கு ஆங்கிலத்தில் பிரமாதமாக எழுதிக் கொடுத்திருந்தான். கொடுத்த இடத்திலெல்லாம் வேலை கிடைத்தது. அது ராசியான பயோடேட்டா என்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் கடையில் போய் "அண்ணனோடது" என்றால் போதும். கடைக்காரர் பேரையும் போட்டோவையும் மாற்றி அடித்துக் கொடுப்பார். தச்சர், பெயிண்டர், குழாய் வேலைக்காரர் எல்லாருக்கும் அதே அனுபவம், அதே ரத்த வகை.

சாக்கு அக்காவும் போனாள். கடைக்காரர் பேரை மாற்றினார், சாரம் என்ற இடத்தில் டைல்ஸ் என்று போட்டார். பிறகு நிமிர்ந்து, பல மாடிக் கட்டடங்களில் வெளிப்புறமாகத் தொங்கி வேலை செய்த அனுபவம் என்று ஒரு பத்தி இருக்கிறதே, எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுத்துப் பார்த்தால் பக்கம் பாதி காலியாகக் கிடந்தது.

"இருக்கட்டும்ணே. எடை வேணாமா?" என்றாள்.

பயோடேட்டா கொடுத்த கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவள்தான் எடுத்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண், டைல்ஸ் வேலைதான், நாளைக் காலையில் வேலை செய்து காட்ட வர வேண்டும் என்றாள். சாக்கு அக்காவுக்குத் தலை கால் புரியவில்லை. அப்போது அந்தப் பெண் சொன்னாள்: "வெளிச்சுவருக்குக் கல் ஒட்டணும். உயரத்துல பழக்கம் உள்ளவர்னுதான் கூப்பிடுறோம். பழக்கம் இருக்குல்ல?"

இருக்கு என்று வாய் சொல்லிவிட்டது.

தலை துவட்டிக்கொண்டு வந்தவரிடம், டைல்ஸ் வேலை, நாளைக்கு வரச் சொன்னாங்க என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தையும் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவர் பூச்சுக் கரண்டிகளை எடுத்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் போட ஆரம்பித்தார். பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் குழம்பை ஊற்றினாள், மிச்சத்தைச் சொல்லவில்லை.

மத்தியானம் அண்ணனிடம் ஓடினாள். அவர் சிரித்தார். "மாப்பிள்ளையை ஒருதரம் மேல ஏத்தி விட்டுட்டா பயம் தன்னால இறங்கிடும். நீ பேசாம இரு" என்றார். மேலே போய் அவரே தலைகீழாக இறங்கிவிட்டால்? அதை அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தளத்தின் ஓரத்தில் தண்ணீர் விடும்போது முதல்முறையாகக் கீழே பார்த்தாள். மணல் குவியல் கைக்குட்டை அளவு கிடந்தது. குழாயை அப்படியே போட்டுவிட்டு நடுத்தளத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். பாட்டு எங்கே அக்கா என்று கேட்டவர்களுக்குத் தலைவலி என்றாள்.

மறுநாள் அவர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சீட்டியடித்தபடி கிளம்பினார். அவள் அடுப்பை அணைத்தாள். கதவைப் பூட்டினாள். தன் வேலைக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு போனில் அந்தப் பெண் சொன்ன இடத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் எந்த உயரமான கட்டடத்தைப் பார்த்தாலும் அதில் அவர் தொங்குவதாகவே பட்டது.

வாசல் காவலாளி யாரம்மா என்றதற்கு, நனைப்புக்கு வந்தேன் என்றாள். கையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

கட்டடம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். உச்சியிலிருந்து கம்பிக் கயிற்றில் ஓர் இரும்புத் தொட்டில் இறங்கித் தரையோரம் நின்றது. அதற்குள் இன்னொரு வேலையாளோடு நின்றார் டைல்ஸ்காரர். இடுப்பிலும் தோளிலும் பெல்ட். இரண்டு கையும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு நிற்கிறார் என்பது தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் பயோடேட்டாவும் கையுமாக இன்ஜினியர். மோட்டார் உறுமியது. தொட்டில் ஆடி, ஆள் உயரம் ஏறியது.

அவளுக்குக் காலில் எப்படி வேகம் வந்ததோ. இன்ஜினியர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இறக்குங்க. அந்தப் பேப்பர்ல இருக்கறது எங்க அண்ணன். இவரு இல்ல."

மோட்டார் நின்றது. தொட்டில் இறங்கியது. கம்பியை விடச் சொன்னார்கள். அவரால் விட முடியவில்லை. அவள் போய் விரல் விரலாகப் பிரித்தாள்.

இன்ஜினியர் பேசாத பேச்சில்லை. "மேல போய் இவர் மயங்கி விழுந்தா கூட நிக்கறவனையும் சேத்து இழுத்துக்குவாரு. அவன் வீட்டுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்று கேட்டார். அவள் தன் ஆளை மட்டுமே நினைத்துப் பயந்திருந்தாள். கூட நிற்கிறவனை நினைத்துப் பார்த்ததே இல்லை. பேப்பரை மடித்து அவள் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அவர் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தார்.

"யாரு எழுதினது?"

"எழுதினது யாரோ. எடுக்காம விட்டது நாந்தாங்க."

"பல்பு மாட்டறவ நீ. தொட்டில்ல உன்னைத்தான் ஏத்தியிருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு, சாலையைப் பார்த்தபடி அழுதார். அவர் தோளை அவள் தொட்டபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மறுபடி கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். இந்தத் தடவை அவரும் கூடப் போனார். அண்ணனுடையது வேண்டாம், வெறும் தாளில் ஆரம்பியுங்கள் என்றார். எந்தெந்தக் கட்டடத்தில் எந்தெந்த அறைக்குத் தரை போட்டார், குளியலறைக்குத் தண்ணீர் ஓட்டம் எப்படி வைப்பார், யாரிடம் விசாரிக்கலாம் என்று சொல்லச் சொல்லக் கடைக்காரர் அடித்தார். பக்கம் நிறையவில்லை. கடைசியில் சாக்கு அக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: வெளிப்புறத்தில், உயரத்தில் வேலை செய்வதில்லை.

"செய்ய மாட்டேன்னு யாராவது பயோடேட்டால போடுவாங்களா?" என்றார் கடைக்காரர்.

"போடுங்கண்ணே" என்றாள்.

நெடுநாள் அழைப்பே வரவில்லை. போன் மணி அடித்தால் அவள் ஓடிப்போய் எடுப்பாள், அடிக்காவிட்டாலும் எடுத்துப் பார்ப்பாள். பிறகு ஒரு சின்ன கான்ட்ராக்டர் கூப்பிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தின் கழிப்பறைகளுக்குத் தரை போட வேண்டும். கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டு, எல்லாம் தரைத்தளம்தான், வரச் சொல்லுங்கள் என்றாராம்.

டைல்ஸ்காரர் இன்றைக்கும் அந்தக் கான்ட்ராக்டரிடமே இருக்கிறார். சாக்கு அக்கா ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் எழும்புகிற குடியிருப்பில் நனைப்பு வேலை பார்க்கிறாள். தளத்தின் ஓரத்துக்குப் போவதில்லை, நடுவில் நின்றே தண்ணீரைப் பீய்ச்சுகிறாள்.