அத்தையின் ரூட் பாஸ்வேர்டு

புருஷன் வீடு வேண்டாம் என்று அத்தை புதுச்சேரியில் சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. ஒரு பெட்டித் துணியையும் நல்ல பிரெஞ்சையும் தவிர அவள் வேறெதுவும் கொண்டுவரவில்லை. பிறப்பு, கல்யாணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தரும் வேலையைக் கூடத்து மூலையில் தொடங்கினாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் அதற்கேற்ற பிரெஞ்சு கீபோர்டும் வந்தன. தெரிந்த பையன் ஒருவன் அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

ஒருநாள் காலை ஊருக்குள்ளேயே இருக்கும் கதிர்காமத்திலிருந்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தார். பிரான்சில் இருக்கும் மகனிடம் போவதற்கான காகிதங்கள் அவருடையவை.

"பன்னெண்டு மணிக்குத் தூதரகத்துல கொடுக்கணும்மா. உட்டா டிக்கெட்டே வீணாப் பூடும்."

மொழிபெயர்ப்பு தயார். ஆனால் பிரிண்டர் புதிது. அதைச் சேர்க்க, எதையும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரமுள்ள 'ரூட்' கணக்கில் நுழைய வேண்டும். பையன் போனில் பாஸ்வேர்டைச் சொன்னான்: மழை, இங்கிலீஷ் எழுத்தில். அத்தை அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். அதே பதில். அவன் சத்தியம் செய்யாத குறையாக அதுதான் என்றான்.

பாஸ்வேர்டு கட்டத்தில் வெறும் புள்ளிகள்தான் விழுந்தன. எனக்கோ எழுத்தைப் பார்க்க ஆசை.

"பேரு அடிக்கிற எடத்துல அத அடிச்சிப் பாரேன் அத்தை."

அடித்தாள். மழைக்குப் பதில் அரைப்புள்ளியில் தொடங்கி, வாயில் நுழையாத ஏதோ வந்தது. அத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இது இங்கிலீஷ் கீபோர்டுன்னு நெனச்சிக்கினு இருக்குடி!"

பிரெஞ்சு கீபோர்டில் சில எழுத்துகள் இடம் மாறி இருக்கும். தானாகத் திறந்துகொள்ளும் அத்தையின் கணக்கில் அது சரியாக இருந்தது; பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரை மட்டும் இங்கிலீஷிலேயே நின்றிருந்தது. 'ரூட்' என்ற பெயரின் எழுத்துகள் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்ததால் அதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இங்கிலீஷ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களைப் பார்த்து அத்தை நிதானமாக அடித்தாள். இது 'ரூட்', கவனம் என்று எச்சரிப்பதுபோல் செக்கச்செவேலென்று ஒரு திரை திறந்தது. சற்று நேரத்தில் பிரிண்டர் முனகியது. கதிர்காமத்து அம்மா காகிதச் சூடு ஆறுவதற்குள் ஆட்டோ ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தை பாஸ்வேர்டை மாற்றினாள். புதியதை என் காதில் மட்டும் சொன்னாள். அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"புள்ள கையில குடுக்கறியே, எல்லாத்தையும் அழிச்சிடப் போவுது."

"அழிக்காது. தொறந்துவுட்டதே அதுதான்."

எனக்கு அந்தச் சிவப்புத் திரை பிடித்திருந்தது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த ஒருத்தி, தன் காலில் நிற்கத் தேடிக்கொண்டதை அப்படியே என் கையில் வைத்திருந்தாள் என்பது அப்போது புரியவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை என்னை நம்பி யாரும் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூடக் கொடுத்ததில்லை.