முதல் வாய்

நேற்று மிஞ்சிய மைதா தோசையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து மகள் கல்லில் போட்டாள். அந்த வாசம் வந்ததுமே நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

என் சின்ன வயதில், கோவில்பட்டி வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டுவாள். பூச்சி அரிக்காமலிருக்க, மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பாள்; அது நீல விஷம். ராத்திரி மிஞ்சும் தோசைகளை உறியில் வைத்து, காலையில் சூடாக்கித் தருவாள். ஒருநாள் தம்பி பாதித் தோசை தின்பதற்குள் நீலமாக வாந்தி எடுத்தான்.

“ஏலே, துப்புலே!” என்று அலறிய அம்மா தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் பசை. “சுட வச்சாலும் இது போவாதே!”

தம்பி பிழைத்துக்கொண்டான். அதன்பிறகு மிஞ்சிய தோசையில் முதல் வாய் அம்மாதான் தின்பாள். அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று, நாங்கள் பசியோடு அவள் முகத்தையே பார்த்திருப்போம்.

மகள் தோசையைப் பிய்த்தாள். “இங்க கொண்டா” என்று பிடுங்கி முதல் வாயை நான் தின்றேன்.

மகள் என் முகத்தையே பார்த்தாள்.