குகன் பேசிய டச்சு

போன சனிக்கிழமை மத்தியானம் எனக்கு வயிறு எரிந்தது. குடித்த பியர் காரணமில்லை. குடிக்கக் கூட்டிக்கொண்டு போனவன்தான் காரணம்.

அவன் பெயர் குகன். பழைய சிநேகிதன். இப்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் வீடும் குடும்பமுமாக இருக்கிறான். "உனக்கு ஒரு இடம் காட்டுறன், வா. காரை விடு, ட்ரெயினிலை போவம்" என்றான். போனோம். ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், ஸ்ட்ரீட்கார் ஓடுகிற ஒரு தெருவில், ஒரு டச்சு பப்.

ஒல்லாந்தர், அதுதான் இந்த டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டினார்கள் என்பதோடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அவர்கள் பப் கட்டுகிற அழகு எனக்கு எப்படித் தெரியும்?

சுவரெல்லாம் தேயிலைச் சாயத்தில் தோய்த்தெடுத்தது போன்ற பழுப்பு மரம். பட்டப்பகலில் மெழுகுதிரி. மேசைக்கு மேலே — நம்புங்கள் — கம்பளம்! நாங்கள் காலுக்கு விரிப்பதை அவர்கள் கிளாஸுக்கு விரிக்கிறார்கள். பியர் எல்லாம் பெல்ஜியத்திலிருந்து வருகிறதாம். ஒவ்வொரு பியருக்கும் அதற்கென்றே ஒரு கிளாஸ். ஒன்று பூச்சாடி மாதிரி, ஒன்று பூசைப் பாத்திரம் மாதிரி. மூன்று ரெஸ்டோரண்டுகளில் கோப்பை கழுவியவன் நான். 'உதுகளைக் கழுவுகிறவன் பாவம்' என்றுதான் முதலில் தோன்றியது.

அதற்குள் குகன் வாயைத் திறந்தான். டச்சு!

முதலாளி ஹெங்க் கவுண்டருக்குப் பின்னாலிருந்து கை நீட்டினார். மூலையில் நீள மேசை ஒன்று. வாடிக்கைக்காரருக்கு மட்டும் உரியது, மற்றவர்கள் உட்கார முடியாதாம். அங்கிருந்த மூன்று டச்சுக் கிழவரும் ஒரு கிழவியும் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். அவனோடு வந்ததால் எனக்கும் ஒரு ஓரம் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும்.

முப்பது வருடத்துக்கு மேலாகிறது. நானும் குகனும் ஒன்றாகப் புறப்பட்டு ஆம்ஸ்டர்டாம் வரை வந்தோம். ஏஜென்டிடம் கனடாவுக்கு இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தில் இருந்தவனுக்கு அகலமான நெற்றி. எனக்கும் அகலமான நெற்றி. அவ்வளவுதான் விஷயம். நான் விமானம் ஏறினேன். குகன் நான்கு வருடம் ஹொலண்டில் முகாமும் தக்காளித் தோட்டமுமாகக் கிடந்து, பிறகு கலியாணம் பேசி இங்கே வந்து சேர்ந்தான்.

"பாவம், அவன் அங்கை மாட்டுப்பட்டுப் போனான்." இத்தனை வருடமும் ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லித் திரிந்தேன். அப்படிப் பரிதாபப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது, தெரியுமா? வேலைகளில் நான் நிலைத்ததில்லை, வீடுகளிலும் நிலைத்ததில்லை. இப்போதும் அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ட் அறைதான். ஆனால் அதிர்ஷ்டசாலி யார்? நான்தான்! அந்த நினைப்பு ஒன்றுதான் என்னிடம் மாறாமல் இருந்தது.

சரி, பப்புக்கு வருவோம். ஹெங்க் பியரை ஊற்றி, ஒரு கத்தியால் நுரையை வழித்துவிட்டு என் முன்னால் வைத்தார். பார்த்தேன். மேலே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் நுரை. எங்கள் ஊர்க் கள்ளுத் தவறணையில் நுரை அடங்கியதும் பாத்திரத்தைத் திரும்ப நீட்டுவோம். மேலே ஊற்றித் தராவிட்டால் சண்டை. பழக்கம் விடுமா? கிளாஸை நீட்டி, "பில் இட் அப், பிளீஸ்" என்றேன்.

அந்த நுரைதான் அவர்களுக்கு அழகாம், எனக்கு எங்கே தெரியும்? ஹெங்கின் முகம் சுருங்கியது. அப்போது குகன் டச்சில் ஏதோ ஒரு வரி சொன்னான்... எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அந்தக் கிழவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன், விளங்கினவன் மாதிரி.

"என்னடா சொன்னனீ?"

"இவன் இன்னும் தவறணையிலைதான் இருக்கிறான் எண்டன்."

"தவறணைக்கு டச்சிலை என்ன?"

"தவறணைதான். உவைக்கு எங்கடை கதை எல்லாம் முந்தியே சொல்லிப்போட்டன்."

கண்ணைத் துடைத்த கிழவி என் பக்கம் குனிந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "அந்த பாஸ்போர்ட்டில் வந்தவர் நீங்கள்தானா?"

ஓம் என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தத் தட்டல் எனக்கு நன்றாகத் தெரிந்த தட்டல். இத்தனை வருடமும் குகனின் முதுகில் நான் தட்டியது!

கடுகுச் சாந்தோடு சூடான இறைச்சி உருண்டைகள் வந்தன. நம்முடைய கட்லெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நல்ல ருசியாம். என் நாக்கில் ஒன்றும் ஏறவில்லை.

திரும்பும்போது சப்வேயில் அடக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"குகன், அந்த பாஸ்போர்ட்டிலை நீ வந்து, நான் அங்கை நிண்டிருந்தா... இந்த மேசை எனக்குக் கிடைச்சிருக்குமோ?"

"உனக்கு விசரே?" என்றான். பக்கத்து சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். "அங்கை இருந்த காலம் முழுக்க உன்னிலை எரிஞ்சுகொண்டெல்லோ இருந்தனான். ஸ்னோவுக்கை நிண்டு, தோல் ஜக்கெட்டோடை ஒரு படம் அனுப்பினாய், ஞாபகம் இருக்கே? கிழிச்சு எறிஞ்சனான்."

"டேய், அது இரவல் ஜக்கெட்டடா! படம் எடுத்த கையோடை கழட்டிக் குடுத்திட்டு கோப்பை கழுவப் போனனான்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். விக்டோரியா பார்க் ஸ்டேஷன் தாண்டியும் சிரிப்பு நிற்கவில்லை.

"இதை முந்தியே சொல்லித் துலைச்சிருக்கலாமே! இங்கை வந்த பிறகும் உன்ர முகத்தைப் பார்த்தா எரியும். ஒரு மாதிரி ஆறி முடிய மொத்தம் ஆறு வருசம் எடுத்ததடா, ஆறு!"

ஆறு வருடமாம்... எனக்கு எரியத் தொடங்கி இன்றைக்குத்தான் ஏழாவது நாள்.