குவைத்துக்குப் போய்ச் சேராத முகம்

தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளிலிருந்து பிள்ளைகள் எந்தக் கடலைத் தாண்டிப் போயிருந்தாலும், பெற்றவர்களுக்குக் கணினியில் அவர்கள் முகத்தைக் காட்டுபவள் றோசலின்தான். இன்று அவள் கணவனே சவப்பெட்டியில் கிடந்தான். கடைசியாக அப்பா முகத்தைப் பார்க்கக் குவைத்தில் மகள் ஜொய்சி காத்திருந்தாள்.

போன் சிக்னல் எட்டாத பள்ளம் அது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜீவராணியின் வைஃபைதான் எல்லோருக்கும் கதி. பாழாய்ப்போனது, இன்று பெயரே திரையில் வரவில்லை. ஜீவராணியோ வீட்டைப் பூட்டிவிட்டு மலர்வளையம் வாங்க ஹட்டனுக்குப் போயிருந்தாள். மடிக்கணினியை நிறுத்தி மறுபடி போட்டாள் றோசலின், தகரக் கூரைவரை தூக்கிப் பிடித்தாள், மாதாவே என்று கதறினாள்.

"மழை வரப்போகுதுங்க, எடுத்துருவோம்" என்று பெட்டிக்கு ஆணி அடித்தார்கள். கடைசி ஆணி இறங்கும்போது ஜீவராணி மலர்வளையத்தோடு ஓடிவந்தாள்.

"ஒன் வைஃபைக்கு என்னடி ஆச்சு?"

"சாவு வீட்டுப் பக்கத்துல டீவி, வைஃபை எல்லாம் ஓடலாமாக்கா? மரியாதைக்கு நிப்பாட்டிட்டுத்தான் போனேன்."